வளைவுக்கு முன்பே



பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர்களுக்கு, ஆண்டில் இரண்டொரு முறையேனும் சொந்த ஊர் சென்று வருவது கடமையாகவும் இன்பமாகவும் இருந்து வருகிறது. முன்னாளில் இந்தப் பயணம் பெரும்பாலும் ரயிலிலும் பேருந்திலுமே நடந்தது. இந்நாளிலோ குடும்பத்தை ஏற்றிக்கொண்டு சொந்தக் காரிலும் மோட்டார் சைக்கிளிலும் புறப்படுவோர் பலர். மூணாறு, பீர்மேடு ஆகிய இடங்களின் தேயிலைத் தோட்டங்களில் வாழ்வோர் தேனிச் சீமைக்கு இறங்குகின்றனர். பாலக்காட்டுப் பக்கம் வாழ்வோர் கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் செல்கின்றனர். மைசூரிலிருந்து சாமராஜநகர் வழியாக வருவோர் திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சத்தியமங்கலம் சேர்கின்றனர். ஊரும் வழியும் வேறானாலும் மலைச்சாலையின் வளைவு இவர்களுக்குப் பொதுவானது. அந்த வளைவில் வண்டியை எவ்வாறு அடக்கி நடத்துவது, பிரேக்கை எப்போது மிதிப்பது, எப்போது விடுவது என்பதைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற விழைகிறேன்.

முதலில் நில அமைப்பைச் சற்று நோக்குவோம். மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நெடிய மதிலைப் போலத் தமிழ்நாட்டையும் கேரளத்தையும் பிரித்து நிற்கிறது. அம்மதிலில் இயற்கை வைத்த பெருவாயில் பாலக்காட்டுக் கணவாய். கோவையிலிருந்து வாளையாறு வழியாகப் பாலக்காடு செல்பவர், மலை ஏறி இறங்கும் உணர்வே இல்லாமல் சமவெளியில் ஓடுவது போல மலைத்தொடரைக் கடந்துவிடுகிறார். ஆனால், அந்த வாயிலை விட்டு இருபுறமும் சிறிது விலகினால் நிலைமை முற்றிலும் மாறிவிடும். வடக்கே மண்ணார்க்காட்டிலிருந்து அட்டப்பாடிக்கு ஏறும் பாதை. தெற்கே நெம்மாறையிலிருந்து போத்துண்டி அணையைக் கடந்து நெல்லியாம்பதிக்கு ஏறும் பாதை. ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளுடன் வால்பாறைக்கு ஏறும் பாதை. இன்னும் தெற்கே சென்றால் இடுக்கி மாவட்டம். அங்கே கணவாய் என்று சொல்லத்தக்க சமவழி இல்லை. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என எவ்வழியே தமிழ்நாட்டுக்கு வந்தாலும் மலையின் உச்சியிலிருந்து அடிவாரம் வரை வளைந்து வளைந்தே இறங்க வேண்டும். சமவெளிச் சாலையில் பழகிய கையும் காலும் இந்த இறக்கத்துக்குப் புதிய பாடம் கற்றாக வேண்டும்.

அப்பாடத்தை யாரிடம் கற்பது? சற்றே வியப்பாகத் தோன்றினும், பந்தய வண்டி ஓட்டுவோரிடம் கற்கலாம் என்பேன். பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலிலேயே, கோவையை அடுத்த செட்டிபாளையத்தில், கரி மோட்டார் ஸ்பீட்வே என்னும் பந்தயத் தடம் 2003ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. அதன் நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் என்பாரின் நினைவாக அதற்கு அப்பெயர் சூட்டப்பெற்றது. மாருதி எஞ்சினைக் கொண்டு பந்தய வண்டிகளை வடிவமைத்து, இளைஞர் பலருக்கு இத்துறையின் வாயிலைத் திறந்துவிட்டவர் அவர். 1995ஆம் ஆண்டு மறைந்தார். அதே கோவையிலிருந்து புறப்பட்ட நாராயண் கார்த்திகேயன், 2005ஆம் ஆண்டு உலகின் முதன்மையான பார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஆனார்.

பந்தயம் என்றவுடன் வேகம் ஒன்றே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால், பந்தயப் பயிற்சிக் கூடத்தில் நுழையும் மாணவன் தொடக்கத்திலேயே கற்பது வேகத்தைக் குறைக்கும் கலை. நேர்ச்சாலையில் வேகத்தைக் கூட்டுவது எவருக்கும் இயலும். வளைவு வருமுன் எந்த இடத்தில், எவ்வளவு அழுத்தத்தில் பிரேக்கை மிதிப்பது என்பதில்தான் திறமை வெளிப்படுகிறது. வளைவுக்குள் அளவான வேகத்தில் நுழைந்தவன், வண்டியை ஒழுங்காகத் திருப்பி, வளைவு முடியுமுன்பே மீண்டும் வேகம் எடுத்துவிடுகிறான். அளவுக்கு மீறிய வேகத்தில் நுழைந்தவனோ, வளைவு முழுவதும் வண்டியோடு போராடி, வெளியேறும்போது பின்தங்கிவிடுகிறான். பந்தய வீரனின் துணிச்சல் நமக்கு வேண்டியதில்லை. அவன் கைக்கொள்ளும் வரிசைமுறை நமக்கு மிகவும் வேண்டும். நேராகச் செல்லும்போது பிரேக், பிறகு தக்க கியர், பிறகே திருப்பம், திருப்பம் முடியும் தறுவாயில் மெல்ல ஆக்சிலரேட்டர். இதுவே அவ்வரிசை.

இந்த வரிசைக்குக் காரணம் என்ன என்று கேட்கலாம். காரணம் டயரில் இருக்கிறது. ஒரு காரின் எடை 1 டன்னுக்கு மேற்பட்டதாயினும், அது சாலையைத் தொடும் இடம் நான்கு உள்ளங்கை அளவே. வேகத்தைக் குறைப்பதும், பக்கவாட்டில் திருப்புவதும், முன்னே செலுத்துவதும் ஆகிய மூன்று வேலைகளையும் அந்த நான்கு உள்ளங்கைகளே செய்தாக வேண்டும். டயருக்குச் சாலையின் மீதுள்ள பிடிப்பு ஓர் எல்லைக்கு உட்பட்டது. அதைக் குடும்பத்தின் மாத வருமானத்துக்கு ஒப்பிடலாம். ஒரு செலவுக்கு முழுவதையும் கொடுத்துவிட்டால் மற்றொன்றுக்குக் கையில் ஏதும் இராது.

ஆயினும் இது நேரடியான கூட்டல் கணக்கன்று. பள்ளியில் படித்த செங்கோண முக்கோணத்தை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். டயரின் முழுப் பிடிப்பு 10 பங்கு என்று வைத்துக்கொள்வோம். பிரேக்குக்கு 6 பங்கு செலவிட்டால், திருப்பத்துக்கு 8 பங்கு கிடைக்கும். பிரேக்குக்கு 8 பங்கு செலவிட்டால், திருப்பத்துக்கு 6 பங்கே மிஞ்சும். பிரேக்கை முழு வலிமையுடன் மிதித்து 10 பங்கையும் செலவிட்டால், திருப்பத்துக்கு ஒன்றும் இல்லை. ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். வளைவின் நடுவே அஞ்சி நடுங்கிப் பிரேக்கை ஓங்கி மிதிப்பவரின் வண்டி சாலையை விட்டு வெளியே செல்வது இதனால்தான்.

தேர்ந்த பந்தய வீரர்கள் இக்கணக்கின் விளிம்பிலேயே விளையாடுவார்கள். வளைவின் வாயில் வரை பிரேக்கைப் பிடித்து வந்து, ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்பப் பிரேக்கைச் சிறிது சிறிதாகத் தளர்த்துவார்கள். திருப்பத்தின் பங்கு ஏற ஏறப் பிரேக்கின் பங்கு இறங்கிக்கொண்டே வரும். அப்போது எடை முன்சக்கரங்களின் மேல் சாய்ந்து வண்டியின் முகம் எளிதில் திரும்பும். ஆனால் தளர்த்தும் விரைவில் சிறு பிசகு நேர்ந்தாலும், எடை குறைந்த பின்சக்கரங்கள் பக்கவாட்டில் வழுக்கி வண்டி சுழன்றுவிடும். பந்தயத் தடத்தில் சுழன்றால் ஓரத்தில் திறந்த வெளி இருக்கும். போடிமெட்டில் ஓரத்தில் இருப்பது பள்ளத்தாக்கு. ஆகவே இந்தக் கலையைத் தடத்திலேயே விட்டுவிடுவது அறிவுடைமை. சாலையில் செல்வோர், திரும்பத் தொடங்குமுன் வேகக் குறைப்பை முடித்துவிட வேண்டும்.

டயரின் எல்லை எத்துணைக் கண்டிப்பானது என்பதற்கு நாராயண் கார்த்திகேயன் பங்குகொண்ட ஒரு பந்தயமே சான்று. 2005ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் நடந்த பந்தயத்தில் 20 வண்டிகள் போட்டியிட இருந்தன. அத்தடத்தின் சாய்வான வளைவு ஒன்றின் சுமையை மிஷெலின் நிறுவனத்தின் டயர்கள் பாதுகாப்பாகத் தாங்கும் என்று உறுதி கூற இயலவில்லை. எனவே அந்த டயர்களைப் பூட்டிய 14 வண்டிகள் முன்னோட்டச் சுற்று முடிந்ததும் விலகிக்கொண்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர்களைப் பூட்டிய 6 வண்டிகள் மட்டுமே ஓடின. அவற்றில் நம் கோவை வீரர் நான்காம் இடம் பெற்றார். உலகின் தலைசிறந்த ஓட்டுநர்களும் பொறியாளர்களும் ஒரு வளைவின் முன் தலைவணங்கிப் பின்வாங்கினார்கள். அவ்வாறிருக்க, தேய்ந்த டயருடன் மலையிறங்கும் நாம் எம்மாத்திரம்!

இனி ஒரு சிறு கணக்கு. 15 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும் வண்டிக்குத் தேவைப்படும் பக்கவாட்டு விசை, அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. 30 கிலோமீட்டரில் அது ஏறக்குறையப் பாதியாகிறது. 40 கிலோமீட்டரிலோ ஐந்தில் நான்கு பங்கையும் கடந்துவிடுகிறது. வேகம் இருமடங்கானால் தேவைப்படும் விசை நான்கு மடங்காகும் என்பது இயற்கையின் விதி. உலர்ந்த நல்ல தார்ச்சாலையில் சாதாரண டயர் தரக்கூடிய பிடிப்பு, எடையில் பத்தில் ஏழெட்டுப் பங்கு. மழையில் நனைந்த சாலையில் அது பாதி அளவுக்கும் இறங்கிவிடும். எனவே, வெயில் காலத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தில் தடையின்றித் திரும்பிய அதே வளைவில், ஆடி மாதச் சாரலில் அதே வேகம் விபத்தை வரவழைத்துவிடும். வெறும் 10 கிலோமீட்டர்தானே கூடுதல் என்று எண்ணுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

வண்டியை நிறுத்தும் தூரமும் இவ்வாறே மாறுகிறது. சமமான உலர்ந்த சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர், ஆபத்தைக் கண்டு ஒரு விநாடியில் பிரேக்கை மிதித்தால், மொத்தம் 20 மீட்டருக்குள் நின்றுவிடலாம். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் நனைந்த சரிவில் அவருக்கு 30 மீட்டருக்கும் மேல் தேவைப்படும். மூடுபனியில் 20 மீட்டர்தான் கண்ணுக்குத் தெரிகிறதென்றால், 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் கண்ணைக் கட்டிக்கொண்டு செல்பவரே ஆவார்.

இதுகாறும் ஒரு வளைவைப் பற்றிக் கூறினேன். மலையிறக்கத்திலோ வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அவற்றினூடே பிரேக்குக்கு மற்றொரு சோதனை காத்திருக்கிறது. அதுதான் வெப்பம். போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூருக்கு இறங்கும் வண்டி ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தை இழக்கிறது. ஆட்களையும் சேர்த்து ஒன்றரை டன் எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. 16 டன் லாரிக்கு இது 500 லிட்டரையும் தாண்டும். இந்த வெப்பம் முழுவதையும் பிரேக்கின் தலையிலேயே கட்டினால் அது என்ன செய்யும்? பிரேக்கின் தேய்வுப் பட்டைகள் சூடேறி உராய்வை இழக்கும். குழாயில் உள்ள பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ்கள் தோன்றும். அப்போது மிதித்த கால் தரை வரை சென்றாலும் பிரேக் பிடிக்காது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மூன்றாம் தரத்தைச் சேர்ந்த புதிய ஆயில் குறைந்தது 205 பாகை செல்சியசு வரை கொதிக்காது. ஈரம் கலந்துவிட்டால் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். ஆண்டுக்கணக்கில் ஆயில் மாற்றாத வண்டி நகரத்தில் குறையின்றி ஓடி, மலையில் கைவிடுவதன் மருமம் இதுவே.

மலையிறக்கத்தின் இழப்புகள் நம் நெஞ்சை வருத்துபவை. 2022ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் இரவு, சபரிமலை சென்று திரும்பிய தேனி மாவட்டத்துப் பக்தர்களின் வண்டி குமுளி மலைப்பாதையில் பள்ளத்தில் வீழ்ந்து எண்மர் உயிரிழந்தனர். 2025ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், தஞ்சைக்குச் சுற்றுலா வந்து ஊர் திரும்பிய மாவேலிக்கரை மக்களின் பேருந்து, இடுக்கி மாவட்டத்துப் புல்லுப்பாறையில் கவிழ்ந்து நால்வர் மாண்டனர். ஒன்று தமிழ்நாட்டுக்கு இறங்கிய வண்டி; மற்றொன்று கேரளத்துக்கு இறங்கிய வண்டி. இரண்டிலும் வீட்டை நெருங்கிக்கொண்டிருந்த மக்களே இருந்தனர்.

பிரேக்கின் சுமையைப் பகிர்ந்துகொள்ள நம்மிடம் ஒரு துணைவன் உண்டு. அத்துணைவன் எஞ்சின். முதல் கியரிலோ இரண்டாம் கியரிலோ இறங்கும்போது, சக்கரங்களே எஞ்சினைச் சுற்ற வேண்டியிருப்பதால் வண்டி தானாகவே கட்டுக்குள் நிற்கும். எந்தக் கியரில் மலை ஏறுவோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது மலைநாட்டு ஓட்டுநர்களின் பழைய மரபு. அறிவியலும் அதனையே ஒப்புகிறது. கியரை இறக்கத்தின் தொடக்கத்திலேயே மாற்றிவிடுதல் நன்று. வேகம் பிடித்த பின் மாற்றுவது கடினம். எரிபொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் உருட்டுவோரும், எஞ்சினையே அணைத்துவிடுவோரும் சிலர் உளர். நியூட்ரலில் துணைவன் விலகிவிடுகிறான். எஞ்சினை அணைத்தாலோ, பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் அது அளிக்கும் உதவியும் நின்றுபோகிறது. சில ரூபாய் எரிபொருளுக்காகக் குடும்பத்தையே பணயம் வைப்பது எவ்வகையிலும் சிக்கனமாகாது.

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்போர் தாழ்ந்த கியரைக் குறிக்கும் நிலைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கியரில்லாத ஸ்கூட்டரில் எஞ்சினின் துணை மிகக் குறைவாதலால், அதில் இறங்குவோர் இடையிடையே நிறுத்திப் பிரேக்கை ஆறவிடுதல் நலம். மின்சார வண்டிகளில் மோட்டாரே வேகத்தைத் தடுத்து மின்கலத்தில் ஆற்றலைச் சேர்க்கும். ஆனால் மலையுச்சியில் மின்கலத்தை முழுமையாக நிரப்பிக்கொண்டு இறங்கினால் சேர்க்க இடமின்றி அத்தடுப்பு குறைந்துவிடக்கூடும். காற்றுப் பிரேக் கொண்ட லாரியிலும் பேருந்திலும் அடிக்கடி மிதித்து மிதித்து விடுவது தொட்டியின் காற்றைத் தீர்த்துவிடும்.

பிரேக்கை மிதிப்பதிலும் முறை உண்டு. இறக்கம் முழுவதும் காலை இலேசாகப் பிரேக்கின் மேல் வைத்துக்கொண்டே வருவது வெப்பத்தை ஓயாமல் ஏற்றும். வளைவுக்கு முன்னுள்ள நேர்ப்பகுதியில் உறுதியாக மிதித்து, வேகம் தணிந்ததும் முழுவதுமாக விட்டுவிட்டால், அடுத்த வளைவு வரை பிரேக்கில் காற்றுப் பட்டுக் குளிரும். கருகிய வாடை வந்தால் அது எச்சரிக்கை. அகலமான இடத்தில் நிறுத்தி அரைமணி நேரம் ஓய்வு கொடுங்கள். சூடான பிரேக்கின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், இரும்பு விரிசல் காணக்கூடும்.

இரு சக்கர வண்டியில் வருவோர் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். வண்டி சாய்ந்து திரும்பும்போது முன்பிரேக்கை வெடுக்கெனப் பிடித்தால் முன்சக்கரம் வழுக்கி ஆளை வீழ்த்திவிடும். வண்டி நிமிர்ந்திருக்கும்போதே இரு பிரேக்குகளையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். 2019ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் விற்கப்படும் புதிய கார்களிலும் 125 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களிலும் ஏபிஎஸ் என்னும் அமைப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. சக்கரம் சுழற்சி நின்று வழுக்குவதை அது தடுக்கிறது. அதனால் பிரேக்கை மிதித்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்ப இயலும். ஆனால், டயருக்கு இல்லாத பிடிப்பை ஏபிஎஸ் புதிதாகப் படைத்துத் தராது. மேலே சொன்ன 10 பங்குக் கணக்கு அதற்கும் பொருந்தும்.

எல்லாம் அறிந்திருந்தும் ஒருகால் வேகம் மிகுந்த நிலையில் வளைவுக்குள் நுழைந்துவிட்டால் என்ன செய்வது? பள்ளத்தைப் பார்க்காமல், செல்ல வேண்டிய வழியையே பார்க்க வேண்டும். கை கண்ணைப் பின்தொடரும். பிரேக்கை உதைக்காமல் படிப்படியாக அழுத்துங்கள். ஏபிஎஸ் உள்ள காரானால் உறுதியாக மிதித்துக்கொண்டே திருப்பலாம். பிரேக் முற்றிலும் பிடிக்கவில்லையானால், விரைந்து பலமுறை மிதித்துப் பாருங்கள். ஒவ்வொரு கியராகக் குறையுங்கள். கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுங்கள். வேறு வழியே இல்லாதபோது பள்ளத்தை விடுத்து மலைச்சுவரின் பக்கம் உரசி நிறுத்துங்கள். வண்டியைச் செப்பனிடலாம், உயிரை மீட்க இயலாது.

சாலை நாகரிகமும் பிரேக்கின் ஒரு பகுதியே. குறுகிய மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை என்பது நம் நாட்டுச் சட்டம். ஏற்றத்தில் நின்ற கனமான வண்டி மீண்டும் புறப்படுவது அரிது. இறங்குபவர் ஒதுங்கி நிற்பது எளிது. கொண்டை ஊசி வளைவில் நீண்ட பேருந்து திரும்பச் சாலையின் முழு அகலமும் வேண்டும். அது திரும்பி முடிக்கும் வரை கீழேயோ மேலேயோ சற்றுத் தள்ளி நிற்பவர் தமக்கும் உதவுகிறார், பேருந்தில் உள்ளோருக்கும் உதவுகிறார்.

நேயர்களே, ஒன்றை மட்டும் இறுதியாக மனத்தில் இருத்துங்கள். வளைவுக்குள் நாம் செய்யக்கூடியது சிறிது. வளைவுக்கு முன்னே செய்யக்கூடியதோ மிகுதி. வேகத்தை முன்பே குறைத்தவருக்கு வளைவு வழிவிடும். புறப்படுமுன் டயரையும் பிரேக் ஆயிலையும் பார்த்துக்கொள்ளுங்கள். இறக்கத்தின் தலைப்பில் கியரை மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்பே வண்டியை அடக்கிக்கொள்ளுங்கள். போடிமெட்டில் ஐந்து நிமிடம் தாமதித்து இறங்கினால் போடியில் காத்திருப்போர் ஒரு குவளைத் தேநீரைக் கூடுதலாகக் குடித்திருப்பார்கள், அவ்வளவே. அவர்கள் காத்திருப்பது வண்டியில் வரும் உங்களுக்காக.